கரண்ட் பில், ஷாக், பிரேக்... 10-ம் வகுப்பு பிசிக்ஸ் வீட்டில் எங்கெல்லாம் கைகொடுக்கும்?

"காமர்ஸ் குரூப் எடுத்தாச்சு, இனிமே பிசிக்ஸ் தொல்லை இல்லை." 10-ம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் கேட்கும் டயலாக் இது. பிளஸ் 1-ல் இயற்பியலை எடுப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் ஏற்கெனவே படித்து முடித்த மின்னோட்டவியல், இயக்க விதிகள் பாடங்களை பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்தால் பணம் போகும். சில நேரம் உயிரும் போகும்.

கரண்ட் பில்லை ஏற்றுவது எது?

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 10-ம் வகுப்பில் படிக்கும் கிலோவாட் மணி என்பது இதுதான். இப்போது வீட்டைப் பாருங்கள். 75 வாட் சீலிங் ஃபேன் தினமும் 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். 60 நாளைக்கு 90 யூனிட். அதே ஃபேன் 30 வாட் பிஎல்டிசி வகையாக இருந்தால் 36 யூனிட்தான்.

2,000 வாட் வாட்டர் ஹீட்டரை அரை மணி நேரம் போட்டால் ஒரு யூனிட் காலி. அந்த ஒரு யூனிட்டில் செல்போனை சுமார் 40 முறை முழுசாக சார்ஜ் போடலாம். "எப்பப் பார்த்தாலும் சார்ஜ்ல போட்டு பில்லை ஏத்துறான்" என்று திட்டு வாங்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கை வீட்டில் காட்டலாம்!

ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால்?

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். இதுதான் ஓம் விதி. நம் வீட்டு கரண்ட் 230 வோல்ட். நன்றாகக் காய்ந்த தோலின் மின்தடை ஒரு லட்சம் ஓம் வரை கூட இருக்கும். அப்போது உடம்பில் பாய்வது 2.3 மில்லி ஆம்பியர், சுருக்கென்று இருக்கும். தோல் நனைந்தால் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். இப்போது பாய்வது 230 மில்லி ஆம்பியர். 100 மில்லி ஆம்பியரே இதயத் துடிப்பை நிலைகுலைய வைக்கப் போதும். அதே சுவிட்ச், அதே கைதான். நடுவில் வந்தது தண்ணீர் மட்டும்.

"எங்க வீட்டுல டிரிப்பர் இருக்கே" என்பார்கள். இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். எம்சிபி என்ற அந்த டிரிப்பர் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்ற அளவைத் தாண்டினால்தான் விழும். அது வயரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது, ஆளை அல்ல. 230 மில்லி ஆம்பியர் என்பது ஒரு சீலிங் ஃபேன் இழுப்பதைவிடக் குறைவு. எனவே ஒருவர் ஷாக் அடித்துத் துடிப்பதும் ஒரு ஃபேன் ஓடுவதும் எம்சிபி-க்கு ஒன்றுதான்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. பேஸ் வயரில் போகும் கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். யாருடைய உடம்பு வழியாகவாவது தரைக்குக் கசிந்தால் கணக்கு உதைக்கும். வீடுகளில் வைக்கும் வகை, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்திலேயே கண் இமைப்பதற்குள் கரண்ட்டை வெட்டிவிடும். ஆனால் ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டால் இதுவும் காப்பாற்றாது. போகிற கரண்ட் அப்படியே திரும்பிவிடுகிறதே!

அப்புறம் எர்த். மூன்று பின் பிளக்கில் ஒரு பின் மட்டும் நீளமாகவும் தடியாகவும் இருப்பது அழகுக்காக அல்ல. நீளமாக இருப்பதால் முதலில் எர்த் இணைப்பு கிடைக்கும், தடியாக இருப்பதால் வேறு ஓட்டையில் நுழையாது. அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் பாடியில் கரண்ட் கசிந்தால் மின்தடை குறைந்த எர்த் வயர் வழியாகவே பெரும்பகுதி தரைக்குப் போய்விடும். ரெண்டு பின் அடாப்டரில் செருகுகிறவர்கள் இந்தப் பாதுகாப்பைத்தான் கழற்றி வைக்கிறார்கள். "ஓம் விதியைக் கூறுக" என்று கேட்கும் வினாத்தாள்கள் இதையும் ஒருமுறை கேட்கலாம்.

யாருக்காவது ஷாக் அடித்தால் நேராகத் தொட வேண்டாம், தொட்டவரும் அந்தச் சுற்றில் சேர்ந்துவிடுவார். முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள்.

பைக்கில் 40-க்கும் 80-க்கும் என்ன வித்தியாசம்?

இருமடங்கு வேகம்தானே என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. காய்ந்த ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்து நிற்க சுமார் 10 மீட்டர் என்றால், 80-ல் 40 மீட்டர். ஆளைப் பார்த்து பிரேக்கை அழுத்த ஆகும் ஒரு நொடியையும் சேர்த்தால் மொத்தம் 21 மீட்டர், 62 மீட்டர். மழை பெய்து உராய்வு பாதியானால் பிரேக் தூரம் இருமடங்காகும்.

இன்று வீட்டில் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. மெயின் பாக்ஸைத் திறந்து, 'டெஸ்ட்' அல்லது 'டி' என்ற பட்டன் உள்ள சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதுதான் ஆர்சிசிபி. அந்த பட்டனை அழுத்தினால் கரண்ட் உடனே கட் ஆக வேண்டும். கட் ஆகவில்லை என்றாலோ, அப்படியொரு பட்டனே இல்லை என்றாலோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.