உங்கள் ஊர் ஏரியில் அயல் இனங்கள்: வந்தது எப்படி, அகற்றுவது எப்படி?

ஒரு நாள் காலையில் உங்கள் ஊர் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். தண்ணீர் தெரிகிறதா? பல ஊர்களில் தெரியாது. பச்சைப் பாய் விரித்ததுபோல ஆகாயத்தாமரை மூடியிருக்கும். நீர்ப்பிடிப்புப் பகுதியில் சீமைக்கருவேலம் காடாக நிற்கும். வலை வீசினால், கெண்டை வர வேண்டிய இடத்தில் நீண்ட மீசையோடு ஆப்பிரிக்கக் கெளுத்தி துள்ளும். இந்த மூன்றுமே நம்ம மண்ணுக்கு உரியவை அல்ல. ஆனால், அவை தானாக வந்துவிடவும் இல்லை. கொண்டு வந்தது மனிதர்கள்தான், வளர இடம் கொடுத்ததும் நாம்தான்.

வெளிநாட்டுச் செடி என்றாலே கெட்டதா?

அப்படி இல்லை. மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். அவை நாம் பயிரிட்ட இடத்தில் இருக்கின்றன, ஏரியையோ காட்டையோ பிடித்துக்கொள்வதில்லை. வெளியிலிருந்து வந்த ஓர் உயிரினம் தானாகப் பரவி, உள்ளூர் உயிரினங்களின் உணவையும் இடத்தையும் பறிக்கும்போதுதான் அதை 'ஊடுருவும் அயல் இனம்' என்கிறோம். சொந்த நாட்டில் அதைத் தின்று கட்டுக்குள் வைக்கும் பூச்சிகளும் நோய்களும் இருக்கும். இங்கே அவை இல்லை. அதனால்தான் இந்த வேகம்.

தண்ணீரின் மேல்: ஆகாயத்தாமரை

சில ஊர்களில் இதை வெங்காயத்தாமரை என்பார்கள். தென் அமெரிக்காவின் அமேசான் பகுதிச் செடி இது. ஊதா நிறப் பூவின் அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சில பத்தாண்டுகளில் ஆறுகளில் படகு போக முடியாத நிலை வந்து, அதை ஒழிக்க 1936-ல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

சூழல் சாதகமாக இருந்தால் இரண்டே வாரத்தில் இந்தச் செடி இரட்டிப்பாகும். சேற்றில் விழுந்த விதை 15 ஆண்டுகளுக்குப் பிறகும் முளைக்கும். இலைகள் வெயிலை மறைப்பதால் தண்ணீருக்குள் இருக்கும் பாசிகளும் நீர்ச்செடிகளும் வாழ முடியாது. அடியில் மட்கும் குப்பை, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். மழைக்காலத்தில் மதகிலும் கலிங்கிலும் அடைத்துக்கொண்டால் கரைக்கே ஆபத்து. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்பும் மன்சோனியா கொசுவின் புழுக்கள், இதுபோன்ற மிதக்கும் செடிகளின் வேரில் ஒட்டிக்கொண்டுதான் வளர்கின்றன.

'வருஷா வருஷம் எடுக்கிறாங்க, ஆனா திரும்பவும் வந்துடுதே?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம், நாம் அதற்குத் தினமும் சாப்பாடு போடுகிறோம். வீட்டுக் கழிவுநீரிலும் வயலிலிருந்து வழியும் உரத்திலும் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் அந்தச் சாப்பாடு. சாக்கடை கலக்கும் நகர்ப்புறக் குளங்களில் இந்தச் செடி திரும்பத் திரும்ப மூடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தண்ணீருக்குள்: ஆப்பிரிக்கக் கெளுத்தி

இந்த மீனை வளர்க்க இந்தியாவில் தடை உள்ளது. இருந்தும், சீக்கிரம் எடை கூடும் என்பதால் சில இடங்களில் கோழிக்கழிவைப் போட்டுத் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். கனமழையில் பண்ணைக் குட்டை நிரம்பி வழிந்தால் மீன் வாய்க்கால் வழியாக ஏரிக்கு வந்துவிடும். சிறு மீன், மீன்குஞ்சு, தவளை என்று எதையும் விடாது.

இங்கேதான் ஒன்று கவனியுங்கள். ஆகாயத்தாமரை மூடி ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் கெண்டை தாக்குப்பிடிக்காது. ஆனால், இந்தக் கெளுத்தி மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். ஆக, நாம் விட்ட கழிவுநீர் செடியை வளர்க்கிறது, செடி நாட்டு மீனைக் கொல்கிறது, காலியான இடத்தை அயல் மீன் பிடிக்கிறது. நஷ்டம் ஏரியை நம்பி வாழும் மீனவக் குடும்பத்துக்கு.

கரையிலும் நீர்ப்பிடிப்பிலும்: சீமைக்கருவேலம்

விறகுக்காகவும் தரிசு நிலத்தைப் பசுமையாக்கவும் 1870-களில் ஆங்கிலேயர் ஆட்சியில் கொண்டுவரப்பட்ட மரம் இது. ஆடு, மாடுகள் நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையை ஊரெங்கும் பரப்புகின்றன. அடர்ந்து வளரும்போது அடியில் புல் முளைக்காது, மேய்ச்சல் போய்விடும். வரத்துக்கால்வாயை அடைத்தால் ஏரிக்குத் தண்ணீரே வராது. அதே சமயம், ராமநாதபுரம், சிவகங்கை போன்ற மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. சில சரணாலயங்களில் பறவைகள் இதில் கூடு கட்டுகின்றன. அதனால், கண்மூடித்தனமாக அல்லாமல், திட்டமிட்டுப் படிப்படியாக அகற்ற வேண்டும். அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான தனிக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-ல் வெளியிட்டுள்ளது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• ஏரி யாருடைய பொறுப்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும்.

• கிராமசபைக் கூட்டத்தில் ஏரியைப் பற்றித் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். 'செடியை அகற்ற வேண்டும்' என்பதோடு 'கழிவுநீர் கலப்பதை நிறுத்த வேண்டும்' என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது இல்லாமல் முதலாவது நிற்காது.

• திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 1100 என்ற முதல்வரின் முகவரி உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். தடை செய்யப்பட்ட மீன் வளர்ப்பை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

• ஆகாயத்தாமரையைப் பூக்கும் முன்பே எடுப்பது நல்லது. எடுத்ததைக் கரையிலேயே குவிக்காதீர்கள், அடுத்த மழை திரும்ப உள்ளே தள்ளிவிடும். தூரமாகக் கொண்டுபோய் உரமாக்கலாம். ஆலைக்கழிவு கலக்கும் ஏரியில் எடுத்த செடி கன உலோகங்களை உறிஞ்சியிருக்கக்கூடும். அதை மாட்டுக்கும் போடக் கூடாது, காய்கறிக்கு உரமாகவும் இடக் கூடாது.

• சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். உரிய துறையின் அனுமதி பெற்றே எடுங்கள். எடுத்த இடத்தைச் சும்மா விடாமல் நாட்டுக் கருவேலம், புங்கன், நாவல் என்று நம்ம மரங்களை நடுங்கள்.

• தொட்டியில் வளர்த்த அலங்கார மீனையோ செடியையோ ஏரியில் விடாதீர்கள். ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காக வளர்த்த செடிதான்.

அடுத்த மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கம்பக்கத்தாரோடு உங்கள் ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்த இடத்தில் கழிவுநீர் உள்ளே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மனுவின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்.