பாட்டி கண்டுபிடித்த வழி

தேக்காவில் பல ஆண்டுகள் வசித்த என் பாட்டி, பொங்கோலுக்குக் குடிவந்த முதல் வாரத்தில் சொன்னார்: “கடை கண்ணுக்குத் தெரியுது. ஆனா, போக வழி தெரியலையே!”

கடைத்தொகுதி எங்கள் சன்னலுக்கு நேரெதிரே இருந்தது. இடையில் அகலமான சாலை. அதைக் கடக்கச் சந்திப்பு வரை நடந்து, மறுபக்கம் அதே தூரம் திரும்பி வரவேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டி வீட்டிலேயே இருக்கத் தொடங்கினார்.

அந்தப் புலம்பலே பலதுறைத் தொழிற்கல்லூரியில் என் திட்டப்பணிக்குத் தலைப்பானது.

இதைச் ‘சாலை இணைப்பு’ என்கிறார்கள். சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் வரைய வேண்டும். சந்திப்புகள் கூடி, முட்டுச்சந்துகள் குறைந்தால் இணைப்பு அதிகம்.

லிட்டில் இந்தியாவை முதலில் வரைந்தேன். சிராங்கூன் சாலையிலிருந்து கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட், அப்பர் டிக்சன் ரோடு எனத் தெருக்கள் பிரிகின்றன. உள்ளே கிளைவ் ஸ்திரீட் குறுக்கே ஓடுகிறது. தீபாவளிச் சந்தையின்போது கேம்பல் லேனில் கூட்டமா? டன்லப் வழியாக இந்திய மரபுடைமை நிலையத்தை அடையலாம். கார்கள் பெருகுவதற்கு முன்பே உருவான தெருக்கள் அவை.

1960ல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய புதுநகரங்கள் வேறு மாதிரி. பெரிய சாலைகள் வெளியே. உட்சாலைகள் பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்தோடு முடிகின்றன. இதனால் வீட்டருகே வாகன இரைச்சலும் ஆபத்தும் குறைகின்றன. ஆனால் சந்திப்புகளும் குறைகின்றன. 1975க்குப் பிறகு உலகின் பல பகுதிகளில் இணைப்பு குறைந்த சாலைகளே கட்டப்பட்டதாக 2020ல் வெளியான ஓர் அனைத்துலக ஆய்வும் கூறுகிறது.

பொங்கோல் தோற்றுவிட்டது என்று முடிவெழுத இருந்தேன். அப்போது பாட்டி, “வா, காட்டுறேன்” என்று அழைத்துச் சென்றார்.

வேலியில்லாத புளோக்குகளின் கீழ்த்தளங்கள், கூரையிட்ட நடைபாதைகள், விளையாட்டிடத்தின் ஓரம் எனச் சாலை வரைபடத்தில் இல்லாத வழிகளில் அவர் நடந்தார். நான் முட்டுச்சந்து என்று குறித்த இடங்களில் எல்லாம் அவருக்குப் பாதை இருந்தது! அவற்றையும் சேர்த்து மறுபடி வரைந்தேன். இம்முறை பொங்கோலில் புள்ளிகள் நிறைந்தன. அந்த அகலமான சாலை மட்டும் இன்னும் பிளவாகவே நிற்கிறது.

கட்டடங்களை இடித்துக் கட்டலாம்; தெருக்களின் அமைப்பை மாற்றுவது மிகக் கடினம். ஆகவே, நாளைய நகரங்களைத் திட்டமிடப்போகும் நாம், கார்களுக்கான வரைபடத்தோடு நடப்போருக்கான வரைபடத்தையும் வரைவோம்.

உங்கள் வட்டாரத்தில் தொடங்கிப் பாருங்கள். பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.