தள்ளுபடிக் கோடை

2005 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் ஒரு விளம்பரத்தை இறக்கியது. தன் ஊழியர்களுக்கு மட்டும் கொடுத்துவந்த சலுகை விலையில் இனி யார் வேண்டுமானாலும் கார் வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் செய்தி. முந்தைய ஆண்டு ஜூனைவிட விற்பனை 40 சதவீதம் எகிறியது. 1986க்குப் பிறகு அந்த நிறுவனம் அப்படியொரு மாதத்தைப் பார்த்ததில்லை. ஜூலையில் ஃபோர்டும் கிரைஸ்லரும் அதே சலுகையோடு களத்தில் குதித்தன. கிரைஸ்லர் தன் பழைய தலைவர் லீ அயகோக்காவையே மறுபடி கேமரா முன் கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு விளம்பரத்தில் அவருக்கு ஜோடி ராப் பாடகர் ஸ்னூப் டாக்!

விளம்பரத்தின் வலிமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை என்றுதான் தோன்றும். ஆனால் மேகன் பஸ்ஸி, டங்கன் சிமெஸ்டர், ஃபுளோரியன் செட்டல்மேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள், உண்மையில் கை மாறிய தொகைகளை எடுத்துவைத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். 2010இல் வெளிவந்த அவர்களது கட்டுரையில் இருந்தது தூக்கிவாரிப் போடும் சங்கதி. 'ஊழியர் விலை'யில் வாங்கிய பலர், சில வாரங்களுக்கு முன் வாங்கியிருந்தால் கொடுத்திருக்கக்கூடிய தொகையைவிடக் கூடுதலாகவே கொடுத்திருந்தார்கள். தள்ளுபடி அதற்கு முன்பே ஏராளமாக இருந்தது. கம்பெனி திருப்பித் தருவது கொஞ்சம், டீலர் இறக்கிக் கொடுப்பது கொஞ்சம் என்று துண்டு துண்டாகக் கிடந்ததால் அது யார் கண்ணிலும் பளிச்சென்று படவில்லை.

அமெரிக்காவில் கார் விலை கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரோடு முடிந்துவிடுவதில்லை; பேசி முடிக்க வேண்டும். வாங்குகிறவர் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஷோரூமுக்குள் நுழைகிறவர். விற்கிறவருக்கு அதுவே அன்றாடத் தொழில். நியாய விலை எதுவென்று தெரியாதபோது மனம் ஏதாவது ஓர் அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும். ஊழியர் விலை அப்படிப்பட்ட அடையாளம். சொந்த ஆட்களுக்குக் கொடுக்கும் விலைக்குக் கீழே எந்த முதலாளி இறங்குவார்? விளம்பரம் பொய் எதுவும் சொல்லவில்லை. அந்த வண்டிகளின் மேல் புதிதாக மோகம் எதையும் உண்டாக்கவும் இல்லை. 'இப்போதே வாங்கலாமா, இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாமா' என்று இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் 'இதுதான் நேரம்' என்றது, அவ்வளவே. பின்னால் வாங்கவேண்டியவர்களில் ஒரு பகுதி முன்னாலேயே வாங்கிவிட்டதால் அக்டோபரில் விற்பனை படுத்துவிட்டது. ஓய்வூதியம், மருத்துவச் செலவு போன்ற பழைய சுமைகளும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டை ஜெனரல் மோட்டார்ஸ் ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிய நஷ்டத்தோடு முடித்தது.

கார் விளம்பரம் என்னதான் செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கோடையைத்தான் காட்டுவேன். மலைப்பாதை, மழை நனைத்த சாலை, பின்னிருக்கையில் சிரிக்கும் குழந்தை எல்லாம் ஆசையைக் கிளப்பத்தான் எடுக்கப்படுகின்றன. ஆனால் விளம்பரம் அசைத்துப் பார்ப்பது தயக்கத்தை. ஆசைக்கு ஊற்றுக்கண் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது. பின்லாந்தில் வீட்டு முகவரிகளையும் வாகனப் பதிவுகளையும் பொருத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வந்தது. மிக அருகில் வசிப்பவர் அண்மையில் கார் வாங்கியிருந்தால் இவரும் வாங்கும் வாய்ப்பு கூடுகிறது. அதே ரகத்தை வாங்கும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. நம் தெருக்களில் இதற்கு ஆய்வு தேவைப்படாது. 'என்ன மைலேஜ் தருது?' என்று கேட்டபடி பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றிவருவதைப் பார்த்தாலே போதும்.

சரி, விளம்பரத்தின் பங்கு எவ்வளவு என்று துல்லியமாக அளந்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஒரு நகரத்தில் ஒரு குறிப்பிட்ட மாடல் மாதத்துக்குச் சராசரியாக 50 விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தால் அது 10 சதவீதம் கூடுகிறது, அதாவது ஐந்து கார். நல்ல விளம்பரம்தான். ஆனால் எந்தக் காரணமும் இல்லாமலே, வெறும் தற்செயலால், அந்த ஐம்பது ஒரு மாதம் 43 ஆகவும் இன்னொரு மாதம் 57 ஆகவும் ஆடும். 50இன் வர்க்கமூலம் ஏறக்குறைய ஏழு. இப்படிப்பட்ட எண்ணிக்கைகளின் இயல்பான ஆட்டம் அந்த அளவுதான். ஏழின் ஆட்டத்துக்குள் ஐந்து ஒளிந்துகொண்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் இருவரும் 25 பெரிய விளம்பரச் சோதனைகளை அலசி 2015இல் வெளியிட்ட ஆய்வு, லட்சக்கணக்கானோரை வைத்துச் சோதித்தாலும் போட்ட பணம் திரும்பியதா என்பதை உறுதியாகச் சொல்வது அரிது என்று காட்டியது. கார் போல எப்போதோ ஒருமுறை வாங்கும் பொருளில் இந்தச் சிரமம் இன்னும் அதிகம்.

போதாததற்கு, விளம்பரம் எப்போது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆடியில் வண்டி எடுக்கத் தயங்குகிறார்கள். ஆயுத பூஜையும் தீபாவளியும் நெருங்கினால் புக்கிங் குவிகிறது. கம்பெனிகளும் அப்போதுதான் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கின்றன. விற்பனை ஏறியது பண்டிகையாலா விளம்பரத்தாலா? இணையத்தில் குழப்பம் இன்னும் கூடுதல். ஒரு மாடலின் ஆன்-ரோடு விலையைத் தேடிப் பாருங்கள், ஒரு வாரத்துக்கு அதே கார் உங்கள் போனில் துரத்திக்கொண்டே வரும். பிறகு நீங்கள் வாங்கினால் பெருமை விளம்பரத்துக்கு. பந்தியில் உட்கார்ந்துவிட்டவர் கையில் அழைப்பிதழைக் கொடுத்துவிட்டு, அழைத்ததால் வந்தார் என்று கணக்கெழுதுவது போன்றது இது. ஈபே நிறுவனம் தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிவந்த விளம்பரங்களைச் சோதனையாக நிறுத்திப் பார்த்தபோது, அநேகமாக எல்லோருமே விளம்பரமில்லாமலும் தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அளப்பதில் உள்ள இந்தத் தடுமாற்றம் பெரிய கம்பெனிகளையும் விட்டதில்லை. 2012 மே மாதம் ஃபேஸ்புக் பங்குச் சந்தைக்கு வரவிருந்த அதே வாரத்தில், அதில் செய்துவந்த ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் விளம்பரத்தால் பயனில்லை என்று ஜெனரல் மோட்டார்ஸ் விலகிக்கொண்டது. பெரிய பரபரப்பு. அடுத்த ஏப்ரலில் ஓசைப்படாமல் திரும்பி வந்தது.

காரை வாங்கிய பிறகும் விளம்பரத்துக்கு வேலை இருக்கிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கலாம். எண்ணமும் செயலும் மோதும்போது மனம் அந்த உறுத்தலைத் தணிக்கப் பார்க்கும் என்ற லியோன் ஃபெஸ்டிங்கரின் முரண்பாட்டுக் கோட்பாடு வெளிவந்த 1957ஆம் ஆண்டிலேயே உளவியலாளர்கள் சிலர் மின்னியாபொலிஸ் நகரில் புதிதாகக் கார் வாங்கியவர்களைப் பேட்டி கண்டு ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். தாங்கள் யோசித்துக் கைவிட்ட கார்களின் விளம்பரங்களைவிட, வாங்கிவிட்ட காரின் விளம்பரத்தையே அவர்கள் அதிகம் படித்திருந்தார்கள். பெரிய தொகையைக் கொடுத்துவிட்ட மனம், செய்தது சரிதான் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்குகிறது. இதைத் தண்டச் செலவு என்று தள்ளிவிட முடியாது. நிம்மதியாக இருக்கும் உரிமையாளர்தான் பக்கத்து வீட்டுக்காரரிடம் நல்ல வார்த்தை சொல்வார்.

அதே 1957 செப்டம்பரில் ஃபோர்டு தன் எட்சல் காரை வெளியிட்டது. பல மாதங்களாகக் காரைக் காட்டாமலே ஆவலைக் கிளப்பும் விளம்பரங்கள். அக்டோபரில் பிங் கிராஸ்பியும் ஃபிராங்க் சினாட்ராவும் தோன்றிய தனித் தொலைக்காட்சி நிகழ்ச்சி. ஜனம் ஷோரூம்களில் திரண்டது, பார்த்தது, வீட்டுக்குப் போனது. முகப்புக் கிரில் கேலிக்குள்ளானது, தயாரிப்பில் குறைகள், நாட்டில் பொருளாதார மந்தம். 1959 நவம்பரில் எட்சலை நிறுத்தியபோது நஷ்டம் சுமார் 25 கோடி டாலர் என்றார்கள். விளம்பரம் தன் வேலையைச் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வாசல்வரை கூட்டிவந்துவிட்டது.

நம்மூர் உதாரணம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது. 1998இல் கொரிய நிறுவனமான ஹூண்டாய் தன் சான்ட்ரோ காரை இறக்கியபோது அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே அறிந்தவர் குறைவு. உயரமான அந்த உடல்வாகைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு. விளம்பரத்துக்கு ஷாருக் கானைப் பிடித்தார்கள். பிடித்ததும் காரைப் புகழவைக்கவில்லை. முதலில் அவரையே சந்தேகப்பட வைத்தார்கள். கம்பெனிக்காரர் வந்து விளம்பரத்தில் நடிக்கச் சொல்கிறார். யார் நீங்கள், உங்கள் காரை நான் எதற்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று நட்சத்திரம் திருப்பிக் கேட்கிறார். மாருதியைத் தவிர வேறெதையும் நம்பாத குடும்பத் தலைவரின் மனதிலிருந்த கேள்வி அது. நான் பார்த்த இந்தியக் கார் விளம்பரங்களிலேயே புத்திசாலித்தனமானது இதுதான் என்பேன். சான்ட்ரோ ஓடியதற்கு எஞ்சினும் சர்வீஸும் காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே காலத்தில் இங்கே வந்த இன்னொரு கொரியக் காரான தேவூ மாட்டிஸுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். தாய் நிறுவனம் 2000இல் திவாலானபோது எந்த விளம்பரமும் அதைக் காப்பாற்றவில்லை.

டாடா நானோவின் கதை நேர்மாறு. 2008 ஜனவரியில் டெல்லியில் அறிமுகமானபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் இலவசமாகவே விளம்பரம் செய்தன. அடுத்த ஆண்டு இரண்டு லட்சத்துக்கும் மேல் புக்கிங். ஆனால் 'உலகிலேயே மலிவான கார்' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. முதல் கார் வாங்குகிற குடும்பம் ஊருக்குச் சொல்ல விரும்பும் சேதி அதுவா? சில வண்டிகள் தீப்பிடித்த செய்தியும் சேர்ந்துகொண்டது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக்கூடிய ஆலையிலிருந்து, மிக நன்றாக விற்ற ஆண்டில்கூட முக்கால் லட்சம்தான் போனது. மலிவு என்று முன்னிறுத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே பிறகு சொன்னார்.

பெயருக்கு மட்டும் எவ்வளவு மதிப்பு என்று பார்க்க ஓர் இயற்கைச் சோதனையே நடந்திருக்கிறது. கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நடத்திய ஆலையில் ஏறக்குறைய ஒரே கார் இரண்டு பெயரில் வெளிவந்தது: டொயோட்டா கொரோலா, ஜியோ பிரிஸம். மக்கள் கொரோலாவுக்குத்தான் அதிக விலை கொடுத்தார்கள், பழைய கார் சந்தையிலும் அதற்கே மதிப்பு. இத்தகைய இரட்டைக் கார்களை ஆராய்ந்த மேரி சல்லிவன், அந்தந்தப் பெயரில் வந்த மற்றக் கார்களின் தரம் விலையில் எதிரொலிப்பதாக 1998இல் எழுதினார். பழுதாகாமல் ஓடிய பழைய டொயோட்டாக்கள் புதிய கொரோலாவுக்குக் கூலி வாங்காமல் விளம்பரம் செய்துகொண்டிருந்தன.

அந்த ஆலை 2010இல் மூடப்பட்டது. பிறகு அதை வாங்கியது டெஸ்லா. விளம்பரத்துக்குக் காசு செலவழிப்பதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிவந்த நிறுவனம். தலைமை நிர்வாகி வாய் திறந்தாலே செய்தியாகும்போது விளம்பரம் எதற்கு? 2023 மே மாதம் பங்குதாரர் கூட்டத்தில் எலான் மஸ்க், கொஞ்சம் விளம்பரம் செய்துதான் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார். 2024இல் டெஸ்லாவின் ஆண்டு விற்பனை முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைந்தது. மாடல்கள் பழசாகிவிட்டன என்கிறார்கள் சிலர், சீனப் போட்டி என்கிறார்கள் சிலர், மஸ்க்கின் அரசியல் என்கிறார்கள் இன்னும் சிலர். விளம்பரம் போதவில்லை என்று சொல்லவும் ஆளிருக்கிறது.