ஸ்கேனில் தெரியாதது

“ஸ்கேன் எடுத்தாச்சு, ஒன்றும் இல்லையாம்” என்று சொல்லிக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கும் பெண்கள் நம் வீடுகளில் உண்டு. வயிற்று ஸ்கேனில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் முந்தைய நிலை தெரியாது. வலியும் இருக்காது. இதற்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் தங்கிவிட்ட இடத்தில் செல்கள் மெல்ல மாறிப் புற்றாக, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். உறவுக்குப் பின் ரத்தம் படுவது, நாற்றத்துடன் வெள்ளைப்படுவது, மாதவிலக்கு நின்றபின் மறுபடி உதிரம் போவது எல்லாம் பல நேரம் நோய் முற்றியபின்தான் வருகின்றன. 2022 மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 80,000 பெண்கள் இதற்குப் பலியானார்கள்.

இத்தனை பேர் சாக வேண்டியதில்லை என்பதற்குச் சான்று திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2000-ல் அங்கே தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 கிராமத்துப் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை நர்ஸ் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவுவார். ஒரு நிமிடம் பொறுத்தால், மாறிய திசு வெள்ளைத் திட்டாகத் தெரியும். தகுந்தவர்களுக்கு அன்றைக்கே அந்தத் திசுவை உறையவைக்கும் சிகிச்சையும் நடந்தது. அழைத்தவர்களில் வந்தவர்கள் சுமார் 64 சதவீதம்தான். அப்படியிருந்தும், பரிசோதனை நடக்காத ஊராட்சிகளோடு ஒப்பிட்டால் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. 2007-ல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு இது.

ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம், நாடு முழுவதும் 1.9 சதவீதம். கையெட்டும் தூரத்தில் இருப்பதைக் கேட்டு வாங்காமல் விடுகிறோம் என்பதுதான் என் ஆற்றாமை.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு அமிலப் பரிசோதனை சரிவராமல் போகலாம். செல்கள் மாறும் பகுதி உள்ளே ஒடுங்கிவிடுவதே காரணம். அவர்கள் ஹெச்.பி.வி. பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கும் உரிய வயதில் பரிசோதனை தேவை. எல்லா வகை வைரஸையும் ஊசி தடுக்காது.

‘பாசிட்டிவ்’ என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பயந்துபோய்ச் சீட்டை அலமாரியில் மடித்து வைத்துவிடுவதில்தான் ஆபத்து. முந்தைய நிலையிலேயே பிடித்துவிட்டால், பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்காமலே, சில நிமிடச் சிகிச்சையில் முடிந்துவிடும். மேல்பரிசோதனைக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்த தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.