தனி அலுவலர் ஆட்சியும் நடூர்ச் சுவரும்

2019 டிசம்பர் 2 அதிகாலை, கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையில் ஊறிய தனியார் வீட்டுச் சுற்றுச்சுவர் ஒன்று அருந்ததியர் குடியிருப்பின் மீது சரிந்தது. அதன் உயரம் ஏறக்குறைய 20 அடி. ஓட்டு வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். சுவரின் ஆபத்து குறித்து முன்பே முறையிட்டதாக மக்கள் கூறினர். தலித் இயக்கங்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தன. நீதி கேட்டுத் திரண்டவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. பலரைக் கைது செய்தது.

அதே நாளில் சென்னையில் மாநிலத் தேர்தல் ஆணையம் ஊரக உள்ளாட்சிகளுக்கு மட்டும் தேர்தலை அறிவித்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பின்னர் என்றது. இவ்விரு செய்திகளையும் நாம் சேர்த்து வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும். ஏனெனில் சுவர் விழுந்த அன்று மேட்டுப்பாளையம் நகராட்சியில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படவில்லை என்பது அவ்வழக்கின் மையக் குற்றச்சாட்டு. குறையைத் திருத்தி உடனே தேர்தலை நடத்தியிருக்கலாம். ஆனால் வார்டு மறுவரையறை, வழக்குகள் எனக் காலம் கடத்தப்பட்டது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் தனி அலுவலர்களே ஆண்டனர்.

இதற்குச் சட்டத்தில் இடமுண்டா? அரசமைப்பின் 243-யு பிரிவு நகராட்சியின் ஆயுளை ஐந்து ஆண்டு என வரையறுக்கிறது. அக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. மறுவரையறை போன்ற காரணங்களைக் காட்டித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை, அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன் சிங் தோமர் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தேர்தல் தள்ளிப்போவது எல்லோரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை என்பதே நாம் வலியுறுத்துவது. நிலமும் ஆலையும் சாதிச் செல்வாக்கும் உடையவர்கள் ஆணையரை நேரில் சந்திக்க வார்டு உறுப்பினரின் துணை தேவையில்லை. காலனிவாசிக்கு அந்தத் துணையே வழி. 243-டி பிரிவு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதத்தில் இடங்களை ஒதுக்குகிறது. தனி அலுவலர் பதவிக்கு இத்தகைய ஒதுக்கீடு ஏதுமில்லை. ஆகவே தனி அலுவலர் ஆட்சியின் ஒவ்வொரு நாளும் அரசியல் இடஒதுக்கீடு நிறுத்திவைக்கப்பட்ட நாள்தான்.

நகர்மன்றம் இருந்திருந்தால் நடூர்ச் சுவர் விழுந்திருக்காது என்று நாம் கூறவில்லை. ஆபத்தான கட்டுமானத்தைச் சீரமைக்கவோ அகற்றவோ உத்தரவிடும் அதிகாரம் நகராட்சி நிர்வாகத்திடம் அன்றும் இருந்தது. இல்லாதது, அந்த அதிகாரத்தை ஏன் பயன்படுத்தவில்லை என மன்றத்தில் எழுந்து கேட்கும் குரல். அக்கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருந்தால், எவரும் பின்னர் ‘எங்களுக்குத் தெரியாது’ எனக் கைவிரிக்க இயலாது.

இது கடந்தகாலக் கதையன்று. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றன. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு நிறைவடைகிறது.

எனவே நாம் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, பகுதி சபாக்களைக் கைப்பற்றுவது. கிராம சபை இல்லாத நகராட்சி, பேரூராட்சிகளுக்காக 2022-ல் விதிகள் வகுக்கப்பட்டன. ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாள்களில் பகுதி சபா கூட வேண்டும். கூட்டம் நடக்காவிட்டால் எழுத்துமூலம் காரணம் கேட்போம். நடந்தால் சாக்கடை, சுடுகாட்டுப் பாதை, சாயும் சுவர் அனைத்தையும் பதிவேட்டில் ஏற்றுவோம்.

இரண்டாவது, ஒப்புகைச் சீட்டு பெறாமல் எந்த மனுவையும் கொடுக்காதிருப்பது. மனுவின் நிலையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பதில் தர வேண்டிய காலம் 30 நாள். உயிர் அல்லது தனிமனித விடுதலை தொடர்பான தகவலென்றால் 48 மணி நேரம். இடியும் நிலையிலுள்ள சுவர் உயிர் தொடர்பானது என்பதை மனுவிலேயே குறிப்பிட வேண்டும்.

மூன்றாவது, வார்டு மறுவரையறை, இடஒதுக்கீட்டு அறிவிக்கைகளை அரசிதழில் கண்காணிப்பது. ஒரே காலனி இரு வார்டுகளாகப் பிரிக்கப்பட்டால் அதன் வாக்கு வலிமை கரையும். ஆட்சேபணைக்குத் தரப்படும் காலம் குறுகியது. வரைவு வெளியாகும் நாளிலேயே வாக்காளர் எண்ணிக்கையோடு ஆட்சேபணை தயாராக இருக்க வேண்டும். பிழையான அறிவிக்கையே அடுத்த தாமதத்திற்குச் சாக்காகிவிடக் கூடாது. சட்டக் கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊரின் வார்டு வரைபடத்தைக் கேட்டுப் பெறுவதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.