மின்மாற்றியின் முதுமை

தூத்துக்குடியில் தெருவோரங்களிலும் உப்பளங்களின் அருகிலும் கம்பங்களின்மேல் இரும்புத் தொட்டிகள் அமைந்திருத்தலைக் காணலாம். அவையே மக்கள் டிரான்ஸ்பார்மர் என்று வழங்கும் மின்மாற்றிகள். 11,000 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரத்தைப் பொறிகளுக்கேற்ற 400 வோல்ட்டாகவும், வீடுகளுக்கேற்ற 230 வோல்ட்டாகவும் குறைத்து வழங்குதல் அவற்றின் தொழிலாகும்.

மனிதனுக்கு ஆண்டுகளால் முதுமை வருகிறது. மின்மாற்றிக்கோ பெரும்பாலும் வெப்பத்தால் வருகிறது. தொட்டியினுள் கம்பிச் சுருள்கள் எண்ணெயில் மூழ்கியுள்ளன. சுற்றுகள் ஒன்றையொன்று தீண்டாவண்ணம் காப்பது அவற்றின்மேல் சுற்றப்பட்ட தாளே. மரக்கூழினாலான அத்தாள் வெப்பத்தால் மெல்ல நைந்து வலுவிழக்கும். சுருளின் மிகச் சூடான இடம் 98 பாகை செல்சியஸில் இருப்பின், தாள் இயல்பான வேகத்தில் முதிரும். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 6 பாகைக்கும் அவ்வேகம் இருமடங்காகும். எனவே 110 பாகையில் கழியும் ஒருநாள், நான்கு நாள்களுக்குரிய ஆயுளை உண்டுவிடும்.

சுருள் சூடாவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அது சுமக்கும் மின்சுமை. மற்றொன்று, சுற்றியுள்ள காற்றின் வெம்மை. மின்னோட்டம் இருமடங்கானால் சுருளில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். வேனிற்காலத்தில் இவ்விரண்டும் ஒருங்கே வந்து சேர்கின்றன. பகலில் உப்பளங்களில் நீரிறைக்கும் பொறிகள் ஓடுகின்றன. இரவில் வீடுகளில் விசிறிகளும் குளிர்சாதனப் பொறிகளும் ஓய்வின்றி இயங்குகின்றன. காற்றும் சூடாயிருத்தலின், பகலில் ஏறிய வெப்பத்தை எண்ணெய் எளிதில் வெளிவிட இயலுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். உப்பளங்கள் ஓய்வுறும், காற்றும் குளிரும், முதுமையின் நடை தளரும். ஆயினும் அப்போது ஈரம் என்னும் வேறொரு பகை தோன்றுகிறது. எண்ணெய் குளிர்ந்து சுருங்குங்கால் தொட்டி வெளிக்காற்றை உள்ளிழுக்கும். அக்காற்றின் ஈரம் தாளை விரைந்து நைவிக்கும். ஆதலின் காற்று புகும் வழியில் சிலிக்கா மணிகளை வைத்துள்ளனர். நீலநிற மணிகள் ஈரமுண்டு இளஞ்சிவப்பாயின், அவற்றை மாற்றவோ உலர்த்தவோ வேண்டும்.

குளிர்காலம் முதுமையைத் தாமதப்படுத்துமேயன்றி, நைந்த தாளைப் புதிதாக்காது. ஆகவே ஆண்டின் சராசரி வெப்பத்தைக் கொண்டு மின்மாற்றியின் நலத்தை அளத்தல் பொருந்தாது. வலுவிழந்த தாளுடன் அது பல நாள் உழைக்கவும் கூடும். ஆனால் ஒருநாள் கம்பிகள் உராய்ந்து பெருமின்னோட்டம் பாயுமாயின், சுருள் அதிர்ந்து தாள் கிழியும். தெரு முழுவதும் இருளில் மூழ்கும். வேனில் வருமுன் மிகைச்சுமையைப் பிரித்து வேறு மின்மாற்றிக்கு மாற்றுதல் மின்வாரியத்தார் கடமை. யாவரும் மின்சாரத்தை நாடும் மாலைவேளையில் வேண்டாத பொறிகளை நிறுத்துதல் மக்கள் கடமை. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அன்றோ அறிவுடைமை!