ஏவாளின் பெயரில் ஒரு கனிமம்

உப்புப் பகுப்பாய்வு சரியாக வந்துவிட்டால் பொருளின் பெயரைத் துணிந்து எழுதிவிடலாம் என்றே முதலாண்டு முழுவதும் நம்பியிருந்தேன். அந்நம்பிக்கையைக் குலைத்தவை, சுவீடன் நாட்டின் லாங்பான் சுரங்கத்தில் கிடைத்த இரண்டு அரிய கனிமங்கள்.

இரண்டும் மாங்கனீசு ஆர்சனேட்டுகளே. இரண்டு மாங்கனீசு, ஓர் ஆர்சனேட், ஒரு ஹைட்ராக்சில் என்ற கணக்கில் எள்ளளவும் வேறுபாடில்லை. ஆயினும் சார்கினைட் இறைச்சிச் சிவப்பு. அதன் கிரேக்கப் பெயரே அதைத்தான் குறிக்கிறது. ஈவைட்டோ இளம்பச்சை. ஒப்படர்த்தி முன்னதற்குச் சுமார் 4.1, பின்னதற்குச் சுமார் 3.8.

சூட்சுமம் அணுக்களின் அடுக்கில் உள்ளது. சார்கினைட்டின் படிகம் ஒற்றைச்சரிவு வகை. அணுக்கள் சற்று நெருங்கி அமைந்தவை. ஈவைட் செஞ்சாய்சதுர வகை. அதனால் அதை உடன்பிறப்பான சார்கினைட்டோடு சேர்க்காமல், அதே அடுக்கமைப்புடைய துத்தநாக ஆர்சனேட்டான அடமைட்டோடு சேர்க்கிறார்கள். உலோகம் வேறானாலும் குடும்பம் ஒன்று!

அடமைட் என்பது ஆடம் என்ற பிரெஞ்சுக் கனிமவியலாரின் பெயரால் வந்தது. 1968-இல் அதன் மாங்கனீசு இணையை விவரித்த பால் மூர், ஆதாமுக்குத் துணை ஏவாள்தானே என்று ஈவ் பெயரைச் சூட்டிவிட்டார். கனிமவியலாரும் குறும்பர்களே.

சோதனைக்குழாயில் இவ்விரண்டும் ஒரே விடையைத்தான் தரும். நிறம் புலப்படாத சிறு துணுக்கானால், பிரித்துக் காட்ட எக்ஸ்-கதிர் வேண்டும்.